பூசணிக்காய் உடைத்த ஸ்டார்ட் லைன்

செருப்பு தரையை விட்டு வர மறுக்கும். காலைத் தூக்கினால் 'பர்ர்ர்' என்று ஒரு சத்தம்... கூடவே சுட்ட ரப்பர் வாசனை. இன்றைக்கும் பஞ்சர் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால் போதும், மனசு கும்மிடிப்பூண்டிக்கு ஓடிவிடும்.

என் முதல் வேலை அது. பொன்னேரியில் சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, டிராக் ரேஸுக்கென்றே ரோடு போடுகிற இடத்தில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் நேர்க்கோட்டில் பறக்கும். கால் மைலில் கதை முடிந்துவிடும். ஒரு நேர் ரோடுதானே, இதில் என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்... நல்லா நினைத்தேன் போங்கள்.

ஓடுவதற்குக் கால் மைல் என்றால், பிரேக் பிடித்து நிற்க அதைவிட நீளமாக ரோடு வேண்டும். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் வேண்டும். எங்கள் மேஸ்திரி வாழ்நாள் முழுக்க மழைத் தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடு வைத்தே ரோடு போட்டவர். கைப்பழக்கத்தில், பலகை மாதிரி மட்டமாக இருக்கவேண்டிய இங்கேயும் வைத்துவிட்டார். அவ்வளவையும் பெயர்த்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். மனுஷன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முதலாளி முரளி அண்ணன். தொழிற்பேட்டையில் லாரி பாடி கட்டும் ஷெட் வைத்திருந்தார். இளவயதில் ஹைவேயில் பைக் ரேஸ் விட்டு விழுந்து, இடது காலில் கம்பியோடு நடப்பவர். அவர் ஷெட்டுக்கு வரும் பசங்களும் ஞாயிறு விடிந்தால் அதே ஹைவேயில்தான் பறப்பார்கள். அந்தப் பயத்தில்தான் இந்த ரேஸ் ரோட்டையே கட்ட ஆரம்பித்தார். பசங்களும் ஒரு கெடு வைத்திருந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்தால் இனி ஹைவே பக்கம் போகமாட்டோம், திறக்கவில்லை என்றால் எங்களைக் கேட்கக்கூடாது.

திறப்பதற்கு முதல் நாள் காலை போய்ப் பார்க்கிறேன்... ஸ்டார்ட் லைனிலிருந்து கண்ணுக்கு எட்டிய வரை நெல்!

சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை நேரம். பக்கத்து ஊர் பவானி அக்கா, சொந்த நிலத்து நெல்லை அழகாகப் பரப்பிவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கத்தினேன். அவர் அசரவே இல்லை.

"வண்டியே போவாத ரோட்ட இன்னாத்துக்கு மேடம் போட்டு வச்சிகினு கீறீங்க? நெல்லாவது காயட்டுமே."

ஒரு நெல்மணிகூட விடாமல் அள்ள வைத்துத்தான் அனுப்பினேன். தூசு இருந்தால் டயர் பிடிக்காது என்று பெரிய பிரசங்கம் வேறு.

மறுநாள் ஞாயிறு. டயர் வழுக்காமல் இருக்கப் பசை தெளித்து, பழைய டயரை இழுத்து இழுத்து, செருப்பு ஒட்டுகிற பதத்துக்குத் தரையைக் கொண்டுவந்துவிட்டோம். சோதனை அதிகாரி பத்து மணிக்கு வந்தார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ரேஸ். கூட்டம் வேலியோரம் நிற்கிறது. பவானி அக்காவும் ஊர்ப் பெண்களோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

புது ரோடு, முதல் ஓட்டத்துக்கு முரளி அண்ணனின் புதுக் கார். திருஷ்டி கழிக்காமல் எப்படி? பெரிய பூசணிக்காயாகப் பார்த்து பஜாரில் வாங்கி வந்தது நான்தான். உள்ளே குங்குமம் நிரப்பியதும் நான்தான். முரளி அண்ணன் மூன்று சுற்று சுற்றி... சரியாக ஸ்டார்ட் லைன் நடுவில் போட்டு உடைத்தார். எல்லோரும் கை தட்டினோம்!

பெரிய துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, மிச்சத்தின் மேல் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினோம். அதோடு கெட்டது காரியம். இரண்டு லேனிலும் சிவப்பாக வழவழவென்று ஒரு பாகு. முரளி அண்ணன் காரை எடுத்ததும் டயர் நின்ற இடத்திலேயே சுற்றியது. கார் பக்கவாட்டில் வழுக்கி, சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அதிகாரி ஃபைலை மூடினார். இந்தத் தரையில் கையெழுத்துப் போட முடியாது, பன்னிரண்டு மணிக்கு நான் கிளம்பவேண்டும் என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் பசங்களின் பைக் ஒன்று ஸ்டார்ட் ஆகிற சத்தம்... பிறகு இன்னொன்று. முரளி அண்ணன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் அந்தக் குரல். "என் நெல்லு தூசுன்னு தொரத்துனீங்களே மேடம்... இப்ப நீங்களே நட்டநடு ரோட்டுல கொழம்பு வச்சிகினு கீறீங்க."

சொல்லிவிட்டுச் சும்மா நிற்கவில்லை. இனி ஒரு சொட்டுத் தண்ணீர் விடாதீர்கள் என்று அதட்டிவிட்டு, ரைஸ் மில்லிலிருந்து உமிச் சாம்பல் இரண்டு மூட்டை டிராக்டரில் வரவழைத்தார். விலாங்கு மீன் வழுக்கினால் சாம்பல் போட்டுத்தானே பிடிக்கிறோம், இதுவும் அதுதான் என்றார். சாம்பல் பாகைக் குடித்தது. ஆறு பெண்கள் துடைப்பத்தால் கூட்டி, கோணியால் துடைத்தார்கள். மேலே மறுபடி பசை தெளித்து டயர் இழுத்தோம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். அதிகாரி வந்து காலை வைத்தார். எடுத்தார். ஷூ வரவில்லை, சாக்ஸோடு கால் மட்டும் வந்தது. மனுஷன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். கையெழுத்துப் போட்டார்!

முதல் ரேஸ் பச்சை விளக்குக்கு பவானி அக்காதான் சுவிட்ச் அழுத்தினார்.

இப்போது நான் சென்னையில் பாலம் கட்டுகிறேன். எல்லாம் மெஷின் அளக்கிறது, ஒரு தப்பும் நடப்பதில்லை. ஆனால் சாம்பல் பூசிய முகத்தோடு அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு அதற்கப்புறம் வாய்க்கவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனேன். கேட்டில் ஒரு போர்டு: 'நெல் காயுது. இன்னிக்கு ரேஸ் கிடையாது.'

பசங்கள் ஹைவேக்குப் போயிருப்பார்களோ என்று பக்கென்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பைக்கெல்லாம் வரிசையாக நிழலில் நிற்கிறது. பிரேக் பிடிக்கிற ரோடு முழுக்க பவானி அக்கா நெல். பேன்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, வெறுங்காலோடு ரேஸ் பசங்கள்தான் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்... யார் லேன் முதலில் முடிகிறது என்று போட்டி போட்டுக்கொண்டு.