தமிழம்மா நடக்க, டர்போ ஊர்ந்த கதை

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம் அது. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குத் தினமும் காரில் போய் வந்துகொண்டிருந்தேன். மலை மேல் இருக்கும் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். அதனால் கார் எனக்குச் சொகுசு இல்லை, செருப்பு மாதிரி. ஆனால் கொஞ்சம் ஆட்டம் போடுகிற செருப்பு. பார்க்கச் சின்னதாக, சிவப்பாக, சாதுவாக இருக்கும். உள்ளே டர்போ இன்ஜின். மிதித்தால் பறக்கும். ஒருத்தர் ஓட்டிய வண்டியாகத்தான் வாங்கினேன். "ரெண்டு புள்ள பெத்தவளுக்கு எதுக்குடி ரேஸ் காரு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சில பேருக்குப் பட்டுப்புடவை பைத்தியம், எனக்கு இது. அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது.

முன் சீட்டு எங்கள் பள்ளித் தமிழம்மாவுக்கு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை "ஏ கணக்கு" என்பார். பஸ்ஸில் மலை ஏறினால் மூன்றாவது வளைவிலேயே அவருக்கு வாந்தி வந்துவிடும். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், மாத்திரை எதுவும் வேலைக்கு ஆகவில்லை. கீழே எங்கேயாவது மாற்றல் வாங்கிக்கொள் என்று அவர் வீட்டில் ஒரே நச்சரிப்பு. "உன் காரு ஓடுற வரைக்கும் நான் இங்கதான், கணக்கு. அது நின்னா நானும் கெளம்பிடுவேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தப் பள்ளியில் நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன் என்றால் அது அவரால்தான். அவர் போய்விட்டால் எனக்கு அங்கே பாதி மூச்சுதான்.

பின் சீட்டில் எங்கள் பி.டி. சார். மீதி இடம் மலைக்குச் சொந்தம். மலைப் பாதையில் கை காட்டியவரை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. இடமில்லை என்று நாம் சொன்னாலும் ஏறுகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பலாப்பழம், தினை மூட்டை, கால் கட்டிய சேவல் எல்லாம் என் ரேஸ் காரில் பயணம் செய்திருக்கின்றன.

அந்த ஐப்பசியில் காரின் பின்னால் நீலப் புகை வர ஆரம்பித்தது. ஆயில் ஊற்ற ஊற்றக் குடித்தது. மேட்டில் மூச்சு வாங்கியது. சங்கராபுரம் ரோட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாய் ஓயாதவர். பானட்டைத் திறந்து, எதையெதையோ மாட்டி அளந்துவிட்டு, டாக்டர் மாதிரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ரிங்கு போயிட்ச்சி டீச்சர். ஒரு சிலிண்டர்ல கம்ப்ரஷன் ரொம்பக் கம்மி. இன்ஜின எறக்கியே ஆவணும்."

அப்புறம் மூன்று வழி சொன்னார். முதலாவது, சென்னையில் உடைக்கிற வண்டியிலிருந்து ஒரு பழைய இன்ஜினை வாங்கி மாட்டுவது. ஒரு வாரத்தில் வண்டி ஓடும், ஆனால் அதை யார் எப்படி மிதித்தார்களோ தெரியாது. இரண்டாவது, என் இன்ஜினையே பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் ரிங் எல்லாம் கம்பெனி சொன்னபடியே போட்டுத் திரும்பக் கட்டுவது. ஒரு மாசம்கூட ஆகலாம். மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரலே மாறியது. ஷெட்டின் ஓரத்தில் என் காரைப் போலவே ஒரு கார், கறுப்பு நிறத்தில், போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. யாரோ ஒரு பையன் ஆசை ஆசையாகப் பெரிய டர்போ, கெட்டி பிஸ்டன் எல்லாம் போட்டு இவரிடம் கட்டிய இன்ஜின். பையன் வெளிநாடு போய்விட்டான், விற்கச் சொல்லிவிட்டான்.

"இது சிங்கம் டீச்சர். அப்டியே தூக்கி உங்க வண்டில வெச்சிட்லாம். நாளைக்கு இத்தயே ஸ்கூலுக்கு எடுத்துக்கினு போங்க. ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் வேலை. கரும்பு வண்டிகளுக்கு நடுவிலேயே வாழ்கிற மனிதர். "கரும்பு ட்ராக்டர் இன்னா ரேசா ஓடுது? லோடோட வந்து சேருதில்ல?" என்றார். "அப்ப எனக்கு ட்ராக்டரே வாங்கிக் குடுங்க, சேலையக் கட்டிக்கினு ஏறிக் குந்திக்கிறேன்" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். மனசுக்குள் ஏற்கெனவே சிங்கம் வந்து உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலை கறுப்புக் காரை எடுத்துக்கொண்டு போனேன். சாவியைத் திருப்பினதும் தெருவே திரும்பிப் பார்த்தது. கச்சிராயபாளையம் வரைக்கும் சமதரை. ஐயோ, என்ன ஓட்டம்! தொட்டால் போதும், முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தியது. பி.டி. சார் விசில் அடித்தார். தமிழம்மா மட்டும் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு, "ஏ கணக்கு, பள்ளிக்கூடம் அங்கயேதான் இருக்கும், ஓடிடாது" என்றார். எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மலை ஏறத் தொடங்கினதும்தான் சிங்கத்தின் குணம் தெரிந்தது. வளைவில் வேகம் குறைத்துத் திரும்ப மிதித்தால் ஒன்றும் வராது. இன்னும் மிதித்தாலும் வராது. இருக்கிறதா செத்துப் போய்விட்டதா என்று நினைக்கிற நேரத்தில், இருக்கிற மொத்தச் சக்தியும் ஒரே அடியில் வந்து விழும். பெரிய டர்போ அப்படித்தான், அது சுற்றி எழுந்திருக்க நேரம் எடுக்கும். நீண்ட நேர்ரோட்டில் அது ஆனந்தம். கொண்டை ஊசி வளைவில் அது வேதாளம்.

ஒரு வளைவின் நடுவில், தூறலில், தலையில் சாக்கு மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு மலைக்காரப் பெண் நின்றிருந்தார். பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை. வழக்கமாக எங்களோடு வருகிறவர்தான். கை காட்டினார். நான் யோசிக்கவே இல்லை. பழக்கம், நிறுத்திவிட்டேன். அந்த ஏற்றத்தில், அந்த ஈரத்தில், வளைவின் நடுவிலேயே! மூட்டை டிக்கியில் ஏறியது, அவர் பின்னால் ஏறினார். இப்போது வண்டியின் பாரமெல்லாம் பின்பக்கம்.

கிளட்சை விட்டு மிதித்தேன். இன்ஜின் முனகியது. வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். திடீரென்று உறுமிக்கொண்டு சக்தி வந்தது. முன் சக்கரம் இரண்டும் ஈரத் தார் மேல் சும்மா சுற்ற, வண்டி பின்னால் வழுக்கியது. பின்னால் என்றால் நேராக இல்லை, பள்ளத்துப் பக்கமாக. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். "ஏசுவே!" என்று நான் கத்த, "முருகா!" என்று தமிழம்மா கத்த, பின் சக்கரம் ஓரத்துக் கல்லில் டொம் என்று இடித்து நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலை மட்டும்தான் தெரிந்தது.

முதலில் இறங்கியது மலைக்காரப் பெண்தான். ஓடிப் போய்ப் பெரிய கல்லாகப் பொறுக்கிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். பி.டி. சார் இறங்கி முட்டுக் கொடுத்தார், தமிழம்மாவும் இறங்கிக்கொண்டார். நான் வண்டியை முன்னுக்கு ஏற்றி, வளைவு தாண்டி, கொஞ்சம் சமமான இடத்தில் நிறுத்தினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறுங்க என்றேன்.

அந்தப் பெண் சிரித்தார். "நீ போ டீச்சரம்மா. நான் பொடிநடையா வந்துர்றேன். மூட்டைய மட்டும் கொண்டாந்து குடு."

கிழங்கை நம்பி என்னிடம் கொடுக்கிறார், உயிரைக் கொடுக்கவில்லை. நியாயம்தானே! தமிழம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நானும் உன்கூட வரேம்மா" என்று தன் குடையை விரித்து அந்தப் பெண்ணோடு சேர்ந்துகொண்டார். "லேடீஸ் தனியா போறாங்களே" என்று பி.டி. சாரும் நைசாக நழுவினார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு அழுகைதான் வந்தது. முன்னால் மூன்று பேர் பேசிக்கொண்டே மழையில் நடக்கிறார்கள். பின்னால், ஊரையே மிரட்டுகிற இன்ஜினோடு, ஒரு கிழங்கு மூட்டையை மட்டும் ஏற்றிக்கொண்டு நான் ஊர்ந்து போகிறேன். தாண்டிப் போக மனசு வரவில்லை. எதிரே வந்த டெம்போக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாங்க, சாமி ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நல்லவேளை பள்ளி பக்கம்தான். வாசலில் நின்ற பிள்ளைகள் இந்த ஊர்வலத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

மத்தியானம் சாப்பிடும்போது தமிழம்மா மெதுவாகச் சொன்னார். "கோவிச்சிக்காத. அடுத்த மாற்றல் கலந்தாய்வுல பேரு குடுத்துர்லாம்னு பாக்குறேன். பஸ்ஸும் ஒத்துக்கல. இதுவும்..." அவரைத் தக்கவைக்கத்தான் கார் வேண்டும் என்று அலைந்தேன், அந்தக் காரே அவரை இறக்கிவிட்டுவிட்டது.

சாயந்திரம் கறுப்புக் காரை பி.டி. சாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு முதல் கியரிலேயே இறக்கி, மெக்கானிக்கிடம் விட்டேன். இடித்த இடத்தைச் சரிசெய்துகொடுப்பது என் பொறுப்பு என்றேன். என் இன்ஜினையே பிரித்துக் கட்டுங்கள், கம்பெனி கொடுத்த சக்தி எதுவோ அதுவே போதும் என்றேன்.

"கொஞ்சமாச்சும் ஏத்திக்கலாமே டீச்சர்?" என்று இழுத்தார்.

"கூடாது."

"சிங்கம் வேணாம்னு பசுமாட்ட கேக்குறீங்க."

"பசுமாடுதாங்க வேணும். அதுதான் தெனமும் கறக்கும்."

பழைய இன்ஜின் வழியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் இன்ஜினை மிதித்துக் கெடுத்தவள் நான்தான். அதன் வண்டவாளம் முழுக்க எனக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒன்றை நம்பித் திரும்பவும் ஆட்களை ஏற்றுகிற தைரியம் எனக்கு இல்லை.

அந்த ஒரு மாசமும் பஸ்தான். தமிழம்மாவுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுப்பேன், தலையைப் பிடித்துக்கொள்வேன், தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "உன் சிங்கம் இன்னா பண்ணுது?" என்று கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குத் திட்டுவதைவிட உறைத்தது. மாற்றல் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

வண்டி தயாரான அன்று மெக்கானிக் பூசணிக்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். நான் அங்கிருந்து நேராக எங்கள் மாதா கோயிலுக்குப் போனேன். "இந்த வண்டிக்குத்தான் முன்னாடியே மந்திரிச்சாச்சே" என்றார் ஃபாதர். "வண்டி பழசு ஃபாதர், உள்ள எல்லாம் புதுசு" என்றேன். "அப்ப பானட்டத் தொறங்க" என்று இன்ஜின் மேலேயே தீர்த்தம் தெளித்தார். சூடு ஆறாத இன்ஜின், புஸ் என்றது. ஃபாதர் ஓரடி பின்னால் போய்விட்டார்.

மறுநாள் காலை நாங்கள் வழக்கமாக ஏறும் முக்கில் காரை நிறுத்தினேன். பஸ்ஸும் அங்கேதான் உறுமிக்கொண்டிருந்தது. பி.டி. சார் பின்னால் ஏறிவிட்டார். தமிழம்மா பஸ்ஸைப் பார்த்தார், காரைப் பார்த்தார். வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டால் எனக்காக ஏறுவார், நம்பி ஏற மாட்டார் என்று தோன்றியது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. முன் கதவு இல்லை, பின் கதவு. போகட்டும், ஏறினாரே! பஸ் கிளம்பிப் போய்விட்டது.

புதுசாகக் கட்டிய இன்ஜின். கொஞ்ச நாளைக்கு விரட்டக் கூடாது, ஒரே சீராகவும் ஓட்டக் கூடாது, ஏற்ற இறக்கத்தில் பதமாகப் பழக்க வேண்டும். எங்கள் மலையைவிட அதற்கு வேறு நல்ல இடம் எது? மிதித்த அளவுக்கு வந்தது, விட்ட அளவுக்குக் குறைந்தது. வழியில் அதே பெண் கை காட்டினார். இந்தத் தடவை நான் தாண்டிப் போய், சமமான இடம் பார்த்து நிறுத்தினேன். ஓடி வந்தவர் என்னைத் திட்டினார்.

"கை காட்டுனா நிக்க மாட்டியா டீச்சரம்மா? இது எந்த வண்டி?"

"பழைய செவப்பு வண்டிதாம்மா."

குனிந்து உள்ளே பார்த்தார். தமிழம்மா இருக்கிறாரா என்று பார்த்திருப்பார் போல. அப்புறம் மூட்டையோடு ஏறினார். இடம் பத்தாமல் தமிழம்மா இறங்கி முன் சீட்டுக்கு வந்தார். கதவை அடித்துச் சாத்தினார், பெல்ட் மாட்டினார். வண்டி ஒரு குலுங்கல் இல்லாமல் கிளம்பியது. நாலைந்து வளைவு போயிருக்கும். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. பயந்து போயிருக்கிறாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, தமிழம்மா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியில் பின் சீட்டுக்காரர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன்.

கலந்தாய்வு வந்தது, போனது, அவர் பெயர் கொடுக்கவில்லை. இன்ஜின் சக்தியைக் குதிரைக் கணக்கில் சொல்வார்கள். கணக்கு டீச்சரான நானோ, பக்கத்து சீட்டில் இருக்கிறவர் எந்த வளைவில் நிம்மதியாகத் தூங்கிப் போகிறார் என்பதை வைத்துத்தான் இன்று வரை என் வண்டிக்கும் எனக்கும் மார்க் போட்டுக்கொள்கிறேன்.