உப்பில்லாத பூசணி

கெட்டுப்போன மீனையும் துருப்பிடித்த ஆணியையும் ஒன்றாய்ப் பொத்தி வைத்தது போன்ற ஒரு நாற்றம்தான், என் சின்ன வயதை நினைத்தால் முதலில் வருகிறது. அது எங்கள் நாய் கறுப்பனுடையது. மாவடிப்பள்ளியில் வாப்பாவின் வயலுக்குக் காவல் நிற்கும் அவன், அறுவடை முடிந்ததும் கல்முனையில் எங்கள் வீட்டு வளவுக்கு வந்துவிடுவான். அவன் வீட்டுக்குள் ஏறமாட்டான், நாங்களும் அவனைத் தொடமாட்டோம். ஆனால் உம்மா கூட்டிவைத்த முற்றத்து மணலில் குந்தி, முன்கால்களால் ஊர்ந்து, பின்புறத்தால் நீளமாக ஒரு கோடு இழுப்பான். எங்கள் வீட்டில் அதற்குக் "கோடு கிழிக்கிறது" என்று பெயர். கோடு விழுந்த இடமெல்லாம் நஜீஸ், தொழுகைக்கு ஆகாத அசுத்தம் என்று உம்மா மண் கரைத்து ஏழு தரம் தண்ணீர் ஊற்றுவார். வாளி தூக்குகிறவள் நான்.

என் அக்காவை, ராத்தாவைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் உம்மா செருப்பைக் கழற்றவும் அவர் காலடியிலேயே கோடு விழவும் சரியாக இருந்தது. எனக்கு மண்ணுக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், அதனால் அந்த மாமி தேத்தண்ணியைத் தொடாமலே சொன்னார்: "என்ட மகன் தொழுறவன். இந்த முத்தத்தால எப்புடி வந்து போவான்?"

ராத்தா அறைக்குள் அழுதார். நாயை அனுப்பிவிடும்படி உம்மா சொல்லிவிட்டார். ஒலுவில் ஊர்ப் பக்கம் விட்டுவர ஓட்டோவில் ஏற்றிய வாப்பா, நோயோடு விடுவது பாவம் என்று பட்டதால் வழியில் மிருக வைத்தியரிடம் காட்டினார். மலவாயின் இரண்டு பக்கமும் சின்னப் பைகள் உண்டாம். மலம் இறுகி வந்தால் அழுந்தித் தாமே வடியுமாம். சோறும் மீனாணமும் மட்டும் தின்று மலம் இளகினால் நிரம்பிக் கடுக்குமாம். வைத்தியர் கையுறை போட்டுப் பிதுக்கிவிட்டு, அவித்த பூசணியும் கொஞ்சம் தவிடும் சேர்க்கச் சொன்னார், உப்புக் கூடாது என்றார். "அது வெக்கங்கெட்டுச் செய்யல்ல, நோவுல செய்யுது" என்றாராம். வாப்பா கறுப்பனோடு திரும்பி வந்தார்.

நாய்க்குத் தனியாக ஆக்குவது ஊருக்குத் தெரியக்கூடாதென்று, பூசணி வாப்பாவின் மலச்சிக்கலுக்கு என்று உம்மா பக்கத்து வீட்டில் சொல்லிவைக்க, பள்ளிவாசலில் எல்லாரும் வாப்பாவின் வயிற்றை விசாரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோய் வந்தார். ஆனால் கோடுகள் குறைந்து, பிறகு நின்றே போயின. கோடில்லாத முற்றத்தை வந்து பார்த்த மாப்பிள்ளையின் உம்மாவும் மனம் மாறினார்.

கலியாணம் முடிந்த மறுநாள், உம்மா தொழுதுகொண்டிருக்க, பசியோடு அடுப்படிக்கு வந்த புது மச்சான் கறுப்பனின் பூசணிச் சட்டியைத் திறந்து, ஒரு கோப்பை நிறையப் போட்டுச் சாப்பிட்டுவிட்டார். சலாம் கொடுத்து எழுந்த உம்மாவிடம், "நல்ல ருசி மாமி, உப்புத்தான் கொறவு" என்றார். புது மருமகனிடம் எந்த வாயால் சொல்வது? யாருமே சொல்லவில்லை.

இன்று முற்றம் முழுவதும் சீமெந்து. கறுப்பனும் இல்லை, வாளியும் இல்லை. மச்சான் மட்டும் சந்தையிலிருந்து பூசணிக் கீற்று வாங்கிவந்து, "மாமி, அண்டைக்கு ஆக்கின மாதிரி ஆக்குங்க" என்கிறார். உம்மா தலை குனிந்துகொண்டே உப்பைக் குறைக்கிறார்.