பாதிப் பூசையில் கிளம்பித் திருவான்மியூர் வரை

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை 8.10. எங்கள் பங்குக் கோயிலில் காணிக்கைப் பவனி போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம் எங்கள் தெருவின் முறை என்பதால் பழத்தட்டு என் கையில். பீடத்தின் முன்னால் போய் நின்றேன். பங்குச் சாமியார் இரண்டு கையையும் நீட்டினார். நான் தட்டை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தேன். முழங்காலிட்டு எழுந்தேன். பக்கத்துக் கதவு வழியாக வெளியே நடந்துவிட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இன்னாய்யா, வயித்த கலக்குதா?"

"இல்ல. சேவியர பாக்கப் போறேன்."

"பூசைய பாதில வுட்டுட்டா?"

"அப்டித்தான் எழுதிக்கீது."

"எவன் எழுதினான்?"

"மத்தேயு."

"எந்த மத்தேயு? தண்ணி கேன் போடறவனா?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. அவளுக்கு நற்கருணை வாங்கவேண்டும். எனக்குப் பஸ் பிடிக்கவேண்டும்.

சேவியர் என் ஒரே தம்பி. அவனும் நானும் பதினோரு மாதமாகப் பேசவில்லை. போன வருஷம் அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. அவன் ஏற்கெனவே எங்கள் கோயிலை விட்டுத் திருவான்மியூரில் ஒரு ஜெபக்கூடத்தில் சேர்ந்திருந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அண்ணா, செத்தவங்களுக்கு பூசை வெக்கிறது வேதத்துல எங்க கீது?" என்று கேட்டான்.

"அம்மா வெச்சா. அம்மாவோட அம்மா வெச்சா. அது போதும்."

"நீ ஒரு தடவையாவது வேதத்த தொறந்து பாத்துக்கீறியா?"

திறந்திருக்கிறேன். எங்கள் வீட்டு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்ல முடியுமா? "தட்ட வெச்சிட்டு வெளிய போடா" என்றுதான் வாயில் வந்தது. பாதிச் சோற்றோடு எழுந்து போனான்.

நான் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறவன். படித்தது எட்டாவது வரை. முப்பது வருஷத்தில் ஒரு அடுப்பைக்கூட பர்னரைக் கழற்றிப் பார்க்காமல் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. வேதத்தை மட்டும் கழற்றாமலே அம்பத்தாறு வயதுவரை ஓட்டிவிட்டேன். அதனால் தி.நகர் நடைபாதையில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கி, தினமும் விடிகாலையில் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். பக்தியால் அல்ல. தம்பியை மடக்க ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான்.

வாசிக்க வாசிக்க எனக்கே அடி விழுந்தது. ஏவாள் தின்றது ஆப்பிள் என்று எழுதவே இல்லை, வெறும் பழம். யோனாவை விழுங்கியது திமிங்கலம் இல்லை, பெரிய மீன். கடற்கரையில் பிறந்தவன் நான், என்ன மீன் என்று நாலு தடவை தேடினேன், சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் குடிலில் வருஷா வருஷம் நான் நிறுத்திவைக்கும் மூன்று ராஜாக்களை, மூன்று பேர் என்றோ ராஜாக்கள் என்றோ எழுதவில்லை. சில நாள் ஸ்டெல்லாவிடம்கூடச் சொல்லப் பயந்து புத்தகத்தை மூடிவைத்தேன்.

மடக்கும் வரியும் கிடைத்தது. மக்கபேயர் இரண்டாம் நூல், பன்னிரண்டாம் அதிகாரம். இறந்தவர்களுக்காகக் காணிக்கை அனுப்பி வேண்டிக்கொள்கிறார்கள். பில் புத்தகத்தின் பின்னால் பெரிதாக எழுதிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் வெற்றிதான். வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டதே, நிறுத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமை மத்தேயு ஐந்தாம் அதிகாரத்துக்கு வந்தேன். காணிக்கை கொண்டுபோகும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று ஆண்டவர் சொல்கிறார். சனிக்கிழமை முழுவதும் அது எனக்கில்லை என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கையில் தட்டோடு நிற்கும்போது வேறு யாருக்கு என்று சொல்வது?

8.30. அடையாறு போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டாத தெரு வழியாகத் தோண்டிய தெருவைச் சுற்றி, பஸ் பாலத்தில் ஏறியபோது மணி 8.55. எங்கள் வீட்டிலிருந்து சேவியர் இருக்கும் இடம் ஏழு கிலோமீட்டர்கூட இருக்காது. பதினோரு மாதம் அதைப் பெங்களூர் தூரமாக வைத்திருந்தேன்.

9.00. அடையாறு சிக்னலில் ஷேர் ஆட்டோ. இருபது ரூபாய். அவனுடைய ஜெபக்கூடத்தின் முகவரி எனக்குத் தெரியாது. ஞாயிறு காலையில் 'வேத வகுப்பு' என்று அவன் சொல்லிக் கேட்டதுதான்.

"திருவான்மியூர்ல வேத வகுப்பு நடக்குதாமே, தெரியுமா நைனா?"

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கோயிலுக்குப் போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் இடுக்கியிருந்த என் தடி வேதப் புத்தகம்.

"போர்டே வெச்சிக்கீறாங்க சாமி. கோயில் பக்கத்து தெருதான். வாசல்லயே எறக்கி வுடறேன், குந்து."

9.20. உண்மையாகவே போர்டு இருந்தது. 'வேத வகுப்பு. ஞாயிறு காலை 9 மணி. அனைவரும் வருக.' அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தில் பாய் விரித்து, பத்துப் பேர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே குரலில் எனக்குப் புரியாத பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சேவியரின் கூடத்தில் பரிசுத்த ஆவி இறங்கி அந்நிய பாஷை பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் பத்துப் பேருக்கும் ஒரே பாஷை, ஒரே ராகம், ஒருவர்கூடப் பிசகவில்லை. சரியான அபிஷேகம் என்று மெய்சிலிர்த்துக் கடைசிப் பாயில் முழங்காலிட்டுக் கண்ணை மூடினேன்.

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தால் எதிரே நெற்றி நிறைய விபூதியோடு வாத்தியார். பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"புதுசா வந்திருக்கேளா? என்ன கோத்ரம்?" என்றார் வாத்தியார்.

"கத்தோலிக்கம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒரு பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார், அது இருமலில் போய் முடிந்தது. மாடிப்படியில் நின்றிருந்த மாமிதான் விஷயத்தைப் பிடித்தார்.

"உங்க வேத வகுப்பு அடுத்த தெருண்ணா! மைக் வெச்சுண்டு பாடுவா. இன்னும் ஆரம்பிக்கலை, பத்து மணிக்குத்தான். காபி சாப்ட்டுட்டுப் போங்கோ."

"தப்பா வந்துட்டேன், மன்னிச்சிக்கோங்க" என்றேன்.

"மாசத்துக்கு ரெண்டு பேர் இப்படி வரா. போன மாசம் எங்காத்து உறவுக்காரர் ஒருத்தர் அங்க போய் முழுப் பிரசங்கம் கேட்டுட்டு வந்தார். நன்னாத்தான் இருந்துதுங்கறார்."

காபி வாங்கிக் குடித்தேன். உள்ளபடிக்கு நல்ல காபி.

9.45. அடுத்த தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே முதல் மாடி. சேவியர் தனியாக நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணி கையிலிருந்து விழுந்தது.

"அண்ணா? வூட்ல யாருக்கு இன்னா ஆச்சி?"

"எல்லாம் நல்லாத்தான் கீறாங்க."

"அப்ப பூசை?"

"பாதில வந்துட்டேன். மத்தேயு அஞ்சு."

அவனுக்கு அதிகாரம் சொன்னால் போதும். தலையைக் குனிந்துகொண்டான். சமாதானம் செய்ய வந்தவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினோரு மாத உழைப்பு வாயில் நிற்கவில்லை.

"நீ கேட்டியே, அதுவும் கீது. மக்கபேயர் ரெண்டு, பன்னெண்டாம் அதிகாரம்."

"அந்தப் புத்தகமே எங்க வேதத்துல கெடையாதுண்ணா."

நான் நம்பவில்லை. அவனுடைய வேதத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். மல்கியா முடிந்தது, அடுத்த பக்கம் மத்தேயு. நாலு பர்னர் அடுப்பைப் பிரித்தால் ஒரு பர்னரைக் காணோம்.

"புடுங்கிட்டீங்களேடா!"

"நீங்க சேத்துக்கினீங்க!"

"ஏழு புத்தகத்த தூக்கிட்டு என்கிட்ட கணக்கு கேட்டியா?"

"கத்தாத, கீழ கடைக்காரரு இருக்காரு!"

கடைக்காரர் கீழேயிருந்து, "இன்னாப்பா மேல, இன்னிக்கி ஜெபம் சீக்கிரமே ஆரம்பிச்சிடுச்சா?" என்று குரல் கொடுத்தார்.

இரண்டு பேரும் வாயை மூடினோம். அவன்தான் முதலில், மெதுவாக, "மத்தேயு ரெண்டு பேர் கிட்டயும் கீது இல்ல?" என்றான்.

"கீது."

"நெஜமாவே மொதல்லருந்து படிச்சியா?"

"ஒரு பக்கம் வுடல."

"லேவியராகமம் கூடவா?"

"அதுவுந்தான். குஷ்டரோகம், பூஞ்சக் காளான், எல்லாம்."

அவன் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நான் அத தாண்டிப் போயிட்டேன்ணா."

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது.

"சோத்துல கைய வெச்சவன எழுப்பி அனுப்பினேன். அது எந்த வேதத்துலயும் தப்புதான்டா. அம்மா இருந்தா என்னத்தான் வெளிய அனுப்பியிருப்பா."

அவன் கீழே கிடந்த துணியை எடுத்தான். ஏற்கெனவே துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தான். பிறகு அதை என் பக்கம் தள்ளி, "குந்துண்ணா" என்றான்.

11.30. வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்டேன். இரண்டு இடத்தில் மனசுக்குள் மறுத்தேன். ஒரு இடத்தில் அழுகை வந்தது. எங்கள் கோயிலிலும் எனக்குக் கணக்கு ஏறக்குறைய இதேதான். வாசிக்கப் பழகிய பிறகு யார் சொன்னாலும் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்துத்தான் முடிவு. நான் பிறந்த கோயிலை விட்டுப் போகப் போவதில்லை. ஆனால் இனி அங்கே இருப்பது அம்மா உட்காரவைத்த இடம் என்பதற்காக மட்டும் அல்ல.

சேவியர் பஸ் நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டான். வரும் சனிக்கிழமை அம்மாவின் முதல் வருஷப் பூசை. இரண்டு பேரும் பஸ் நம்பரைப் பற்றித்தான் பேசினோம். பஸ் நகரும்போது ஜன்னல் பக்கம் வந்தான்.

"சனிக்கெழம எத்தினி மணிக்கு?"

"ஆறரை."

"வரேன். உள்ள வரமாட்டேன்ணா, மனசு ஒப்பல. வெளிய நிப்பேன்."

"நில்லு. மழ வந்தா உள்ள வா."

"மழ வந்தா பாக்கலாம்."

பஸ் வெளியே வந்தது. வெயிலில் கண் கூசியது. ஒரு பொட்டு மேகமில்லை. அடையாறு வரும்வரை ஜெபமாலையைக் கையில் பிடித்து, மே மாதத்துச் சென்னையில் யாரும் கேட்கத் துணியாத ஒன்றைச் சனிக்கிழமை ஆறரைக்குக் கேட்டுக்கொண்டே வந்தேன்.