கலஹா சலூனிலிருந்து ஒரு வெக்யூம் கிளீனர்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, எட்டு கிலோ எடையுள்ள பழைய வெக்யூம் கிளீனர் ஒன்றைப் படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கண்டியிலிருந்து கலஹாவுக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். பழைய வீட்டுச் சாதனங்களைத் தேடி அலைகிறவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். உங்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன். நான் செய்தது சரியா என்று எனக்கே தெளிவில்லாத பயணம் இது. ஆகவே வழி, கட்டணம் ஆகியவற்றை மட்டும் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், வத்தேகமப் பக்கத்தில் ஒரு பழைய தோட்ட பங்களாவின் தளபாடங்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புத்தக அலுமாரி வாங்கப் போனேன். அலுமாரியைக் கறையான் அரித்திருந்தது. அதற்குள் ஒரு வெக்யூம் கிளீனர் இருந்தது. ஏன் அதை வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இப்போது முன் அறையில் பதினொன்று இருக்கின்றன. உருளை வடிவானவை கீழ்த்தட்டில், நின்றபடி தள்ளுபவை சுவரோரமாக. ஒவ்வொன்றுக்கும் முன்னால் உற்பத்தியான நாடு, உத்தேச வருடம், எந்த பங்களாவில் இருந்தது ஆகியவை எழுதிய அட்டை உண்டு. ஞாயிறு காலையில் ஒவ்வொன்றாக இரண்டு நிமிடம் ஓடவிடுவேன். எங்கள் வீட்டில் கம்பளம் கிடையாது. சிவப்புச் சீமெந்துத் தரையை என் மனைவி தும்புத்தடியால் கூட்டுகிறாள்.

அவள் போட்ட ஒரே நிபந்தனை, பதினொன்று பன்னிரண்டாகக் கூடாது என்பதுதான். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். நியாயமான நிபந்தனை. நாங்களும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

கட்டுகஸ்தோட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான் கலஹா இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார். அடியில் சறுக்குக் கட்டை போல இரண்டு இரும்புத் தண்டுகள் உள்ள உருளை வடிவம், பச்சை நிறம். ஐம்பதுகளில் வந்தது. பல வருடங்களாக நான் தேடியது. கலஹாவில் ஒரு சலூன்காரர் அதன் மோட்டாரைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தாராம். சலூனில் எதற்கு வெக்யூம் கிளீனர் என்று நண்பருக்கும் தெரியவில்லை.

தொலைபேசி எண்ணை வாங்கி அழைத்தேன். நான் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் இருந்தவர், “சேர், நான் கதிரேசன். எட்டாம் வகுப்புல கணக்குக்கு உங்ககிட்ட தினமும் முழிச்சவன்” என்றார். கலஹாவில் நான் ஆறு வருடம் படிப்பித்திருக்கிறேன். முகம் நினைவுக்கு வரவில்லை, அதைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. என்னிடம் உள்ள ஒன்றைத் தந்துவிட்டு அந்த இயந்திரத்தைப் பெற்றுக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன். “நீங்க கேட்டு நான் குடுக்காம இருப்பேனா சேர்? வாங்க” என்றார்.

அந்த வாக்கியம்தான் என்னைப் படுத்தத் தொடங்கியது. படிப்பித்தவர் கேட்டால் இல்லை என்று சொல்வது நம்மவர்களுக்கு ஏலாத காரியம். அப்படியானால் அவர் சொன்னது சம்மதமா, மரியாதையா? அன்றிரவு மனைவியிடம் கேட்டேன். “போய்ப் பாத்தாத் தெரியும். இங்க உக்காந்து கணக்குப் போட்டாத் தெரியாது” என்றாள்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் காலை எட்டேகாலுக்குப் பஸ் ஏறினேன். எனக்கு நூற்றுப் பத்து ரூபாய் டிக்கட், பொதிக்கு ஐம்பது. சாரதி என் பொதியைப் பார்த்து, மருந்து தெளிக்கும் இயந்திரமா என்று சிங்களத்தில் கேட்டார். தூசி உறிஞ்சுவது என்றேன். கலஹாவில் அவ்வளவு தூசியா என்றார். இல்லை, இதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கப் போகிறேன் என்றேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பேராதனைச் சந்தியில் திரும்பி, பல்கலைக்கழக வளாகத்து மரங்களுக்கு நடுவே போய், ஹிந்தகலவைத் தாண்டியதும் பாதை ஏறத் தொடங்குகிறது. இடது பக்கம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்குத் தெரியும் என்று எழுத நினைத்தேன். போகும்போது இடதா வலதா என்பது இப்போது குழம்பிவிட்டது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம். வயதான வாசகர்கள் புறப்படுமுன் எதுவும் குடிக்காமல் இருப்பது நல்லது. வழியில் இறங்க வசதியில்லை. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், வீடு திரும்பும் வரை.

சலூன் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். பொதி இருந்ததால் ஆட்டோ பிடித்தேன், நூறு ரூபாய். கதிரேசன் வாசலிலேயே நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், காதோரம் நரைத்த மனிதர். அவரை நீ என்பதா நீங்கள் என்பதா என்று தெரியாமல், அன்று முழுவதும் இரண்டும் இல்லாத வாக்கியங்களாகவே பேசிச் சமாளித்தேன்.

இயந்திரம் கண்ணாடிக்குக் கீழே, முடி வெட்ட உட்காரும் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சை வண்ணம் அநேகமாக அப்படியே. கதிரையில் ஒரு மரக்கறி லொறிச் சாரதி. பெயர் ரவி என்று பிறகு அறிந்தேன். வெட்டி முடித்ததும் கதிரேசன் காலால் சுவிட்சை மிதித்து, குழாயை எடுத்து அவர் பிடரியில் பிடித்தார். அப்போதுதான் விளங்கியது. குழாய் உறிஞ்சும் பக்கத்தில் இல்லை, ஊதும் பக்கத்தில் மாட்டியிருந்தது. அதன் நுனியில், தேயிலைக் கட்டையில் செதுக்கிய விரல் நீள வாய் ஒன்று. கழுத்து, காதின் பின்புறம், கொலருக்குள் என்று வெட்டிய முடி எல்லாம் பறந்தது. ரவி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

நான் கொண்டுவந்தது நின்றபடி தள்ளும் வகை. அதற்கு ஊதும் பக்கமே கிடையாது. உயரம், எடை, பிளக் அளவு எல்லாம் தொலைபேசியில் விசாரித்தவன், எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.  பத்து மணி மாத்திரையின் நேரம் நெருங்கியதால், பையிலிருந்த போத்தல் தண்ணீரோடு அதை விழுங்கினேன்.

கதிரேசனின் மனைவி பரமேஸ்வரி பின்னாலிருந்த வீட்டிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். காரணத்தை ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மறுபடியும் வற்புறுத்தினார். மறுபடியும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

நான் எதற்கு வந்தேன் என்பதைக் கதிரேசன் ரவியிடம் சொன்னார். ரவி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “அப்ப எங்க கழுத்த யாரு ஊதுறது? நீங்களா வந்து ஊதுவீங்க சேர்?”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் நான் முடிவெடுத்துவிட்டேன். ஒரு மனிதன் தொழில் செய்யும் பொருளை என் தட்டில் அடுக்கி அட்டை எழுதி வைப்பதா? கதிரேசனிடம், இது இங்கேயே இருக்கட்டும், எனக்கு வேண்டாம் என்றேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

 கதிரேசன் கதிரையின் மேலிருந்த துவாயை எடுத்து மடித்தார். மடித்ததை உதறி மறுபடி மடித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபமா? நிம்மதியா? வகுப்பில் இருந்தால் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன். அதுவும் உண்மையோ என்னவோ.

பின் கதவருகே நின்ற பரமேஸ்வரிதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“தேத்தண்ணி வேணாம்னீங்க. கொண்டாந்த தண்ணியக் குடிச்சீங்க. இப்ப மெஷினும் வேணாங்கிறீங்க. எங்க கையால குடுக்கிறது எதுதான் சேருக்கு ஆகும்?”

“பேசாம இரு. சேர் அப்பிடி ஆள் இல்ல” என்றார் கதிரேசன். ஆனால் அதைத் துவாயைப் பார்த்துத்தான் சொன்னார்.

முடி வெட்டுகிறவர் வீட்டில் தண்ணீர் தொடமாட்டேன் என்று இருந்தவர்கள் இந்த ஊர்களில் இருந்தார்கள். சிலர் இன்னும் இருக்கலாம். கதிரேசன் அவர்களையும் சேர் என்று கூப்பிட்டுத்தான் முடி வெட்டியிருப்பார். அவர் தன் தொழிலின் பாதியைத் தூக்கித் தர நின்றார். நான் மூன்று முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். போத்தல் இன்னும் என் கையில் இருந்தது.

வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொன்னேன். தேத்தண்ணி குடித்தால் எனக்குப் பஸ்ஸில் இருக்க ஏலாது, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்க வேண்டும், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றேன். எழுபத்து நான்கு வயதில் ஒரு சலூனின் நடுவே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் சிரித்தவர் ரவி. “இதுக்கா இவ்வளவு? நான் மத்தியானம் கண்டிக்கு லோட் கொண்டு போறேன். ஏறுங்க. நீங்க சொல்ற எடத்தில எல்லாம் நிப்பாட்டுறேன். மரத்துக்கா பஞ்சம்?”

பரமேஸ்வரி சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் புதிதாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார், இஞ்சி போட்டு. குடித்தேன். கேட்காமலே இன்னொன்று தந்தார். அதையும் குடித்தேன்.

கதிரேசன் இயந்திரத்தைத் துடைத்து, வயரைச் சுற்றி, குழாயைக் கழற்றிச் சாக்கில் வைத்தார். இனி எதால் ஊதுவது என்று கேட்டேன். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார். மனதோடுதான் தருகிறாரா என்று கேட்க வாயெடுத்தேன். பரமேஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. நான் கொண்டுபோனதைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார்கள். முன்பக்கம் சிறிய விளக்கு எரியும் வகை அது. கதிரேசன் அதை இரண்டு முறை போட்டு அணைத்தார்.

லொறியில் வந்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். ரவி பணம் வாங்கவில்லை.

மாலையில் வீட்டில் பிரித்துப் பார்த்தபோது இயந்திரம், குழாய், வயர் எல்லாம் இருந்தன. அந்த மர வாய் இல்லை. சாக்கை உதறினேன், லொறியில் விழுந்திருக்குமோ என்று கவலைப்பட்டேன். மூன்று நாள் யோசித்து, சனிக்கிழமை கதிரேசனை அழைத்தேன். அந்தச் சின்ன மர வாய் விட்டுப்போய்விட்டது போல, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“விட்டுப் போகல்ல சேர். நான்தான் எடுத்து வச்சேன்” என்றார். “மெஷின் உங்களுக்குக் குடுத்தது. அது நான் செதுக்கினது. அதத் தர மாட்டேன்.”

சரி என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. “சரி, கதிரேசன். வச்சுக்க” என்று தொலைபேசியை வைத்தேன். மனைவி, என்ன ஆயிற்று, ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்றேன். அதற்கு ஏன் சந்தோஷம் என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மர வாயைத் தரமாட்டேன் என்றவன், இயந்திரத்தையும் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? அவன் சொல்லவில்லை. இந்தக் கணக்குச் சரிதானா என்று பார்ப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலைப் பஸ்ஸில் போவது நல்லது, பிற்பகலில் மலையில் மழை. பெரிய பொதி என்றால் சாரதிக்குப் பின்னால் வைக்கக் கேளுங்கள். பழைய இயந்திரம் வாங்கப் போனால் அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் விசாரியுங்கள். இயந்திரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை எங்கள் வீட்டுக்கு வரலாம். ஊதவிட்டுக் காட்டுகிறேன், காற்று சும்மா சிதறும். கதிரேசனின் மர வாயைப் பார்க்க வேண்டுமானால் கலஹாவுக்குத்தான் போக வேண்டும். கேட்டால் எடுத்துக் காட்டுவார். விலைக்குக் கேட்காதீர்கள். இல்லை என்று சொல்லிவிடுவார்.