அருணகிரி ஜீப்புக்கு அடியே படவில்லை

ஜவ்வாது மலையில் தாண்டிக்கொல்லை என்று ஓர் ஊர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஊருக்கு ரோடு இருந்தது என்று சொன்னால் ரோட்டுக்கே கோபம் வரும். மாடு போன தடத்தில் மழைத்தண்ணீர் போகும். தண்ணீர் போன தடத்தில் அருணகிரியின் ஜீப்பு போகும்.

அருணகிரி அந்த ஊர்க்காரன்தான். இளவயதில் படவேட்டுக்குக் கரும்பு வெட்டப் போனவன், கரும்பு லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, பிறகு டிரைவராகி, பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஜீப்பு ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டு மலையேறி வந்தான். அவன் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இரண்டு கம்பிகள் நிற்பது எதற்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

“லாரி பின்னங்காலால மட்டும் உந்தும். முன்னங்காலு சும்மா கூட வரும். இது அப்படியில்ல, ஆடு மாதிரி. இந்தக் கம்பிய இழுத்தா முன்னங்காலும் புடிச்சி ஏறும். அந்தக் கம்பிய இழுத்தா வேகம் கொறஞ்சி பலம் கூடும்” என்றான் அருணகிரி. அன்றிலிருந்து ஊரில் அதற்கு ஆட்டு வண்டி என்றே பெயர். புளியும் சாமையும் அதில்தான் இறங்கின. உப்பும் மண்ணெண்ணெயும் அதில்தான் ஏறின.

இன்ஷூரன்ஸ் போட்டதில்தான் வீட்டுக்குள் தகராறு வந்தது. கண்ணமங்கலத்து ஏஜெண்ட் தங்கவேல் அவனுக்குப் பொறுமையாக விளக்கியிருந்தார். வண்டியால் அடுத்தவனுக்கு அடிபட்டால் கொடுப்பது ஒன்று; அது சட்டம், கட்டியே ஆக வேண்டும். சொந்த வண்டிக்கு அடிபட்டாலும் கொடுப்பது இன்னொன்று. மலையில் ஓட்டுகிறவன் அதையும் போட்டுக்கொள்வது நல்லது. அருணகிரி இரண்டையும் போட்டுவிட்டு வந்தான். அவன் மனைவி சுந்தரம்மாள் பொரிந்து தள்ளினாள்.

“வண்டி வுழுந்தா தர்றேன்னு ஒருத்தன் சொல்றான். நீ போய் அவன்கிட்ட கட்டிட்டு வர்ற. வுழணும்னு வேண்டிக்கினு வர்றது இல்லாம வேற இன்னா இது?”

வேண்டுதல் பலிக்காமலிருக்க அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். ஆனாலும் ஓர் ஐப்பசி மழையில் அது பலித்துவிட்டது. சாமை மூட்டைகளைக் கீழே இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஊருக்குச் சற்று முன்னால் பாதையின் ஓரம் பொலபொலவென்று சரிந்தது. அருணகிரி குதித்துவிட்டான். ஜீப்பு உருண்டுபோய் ஓடைக்குள் தலைகீழாகக் கிடந்தது. அவன் பாறைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். சொந்தக் காசில் அதைப் பழுதுபார்க்க அவனால் ஆகாது. காப்பீட்டுப் பணம் வராவிட்டால் மறுபடி படவேட்டில் யாருடைய லாரிக்காவது கிளீனராகப் போக வேண்டியதுதான்.

அழுது முடித்தபோது தங்கவேல் சொன்னது நினைவுக்கு வந்தது. வண்டி விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். சேதத்தை மதிப்பிடுகிற கம்பெனி சர்வேயர் வந்து கண்ணால் பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. அருணகிரி நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போய், “ஆளக் கூட்டிக்கினு வர்றேன், பதறாதே” என்று மட்டும் சுந்தரம்மாளிடம் சொல்லிவிட்டு மலையிறங்கினான். தொடக்கூடாது என்பதைச் சொல்ல மறந்தான். மறக்கக்கூடாததாகப் பார்த்து மறந்தான் பாருங்கள்!

தாண்டிக்கொல்லையில் விழுந்ததை விழுந்த இடத்தில் விடுகிற வழக்கமே கிடையாது. யார் மாடு பள்ளத்தில் விழுந்தாலும் வீட்டுக்கு ஓர் ஆள் கயிறும் கொம்புமாக வந்துவிட வேண்டும். அது எழுந்து நின்ற பிறகுதான் ஊரில் அடுப்பு எரியும். ஆட்டு வண்டிக்கு மட்டும் வேறு நியாயமா?

அருணகிரி வேலூரிலிருந்து சர்வேயர் கோபால்சாமியை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தான். கனத்த உடம்பு, கழுத்தில் கேமரா. மூச்சு வாங்க ஏறிவந்த அவருக்கு அருணகிரி ஓடையைக் காட்டினான். ஓடையில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கப்பா வண்டி?”

அருணகிரி ஊர்ப்பக்கம் விரைந்தான்; அவரும் பின்னால் வந்தார். ஊருக்குள் போனால், ஜீப்பு அவன் வீட்டு வாசலில் மஞ்சளும் குங்குமமுமாக, சாமந்தி மாலையோடு நின்றது. கழுவித் துடைத்திருந்தார்கள். கலப்பைக்குக் கொழு அடித்துத் தருகிற வேடியப்பன், நசுங்கிய தகடுகளையெல்லாம் தட்டி நிமிர்த்திவிட்டுச் சுத்தியலோடு பக்கத்தில் நின்றார். வண்டிக்கு அடிபட்டிருந்தால் ஆபீசர் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார் என்று அதற்குள் யாரோ ஊரில் கிளப்பிவிட்டிருந்தார்கள்.

“அடியே படலீங்க. ஒரு சொட்டை இருக்குதா பாருங்க!” என்றார் வேடியப்பன் பெருமையாக.

“முன்னாடி கண்ணாடி எங்கே?” என்று கேட்டார் சர்வேயர்.

“காத்து வரட்டும்னு நாங்கதான் கழட்டி வெச்சோமுங்க” என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மாள்.

“லைட்டு?”

“பகல்ல இன்னாத்துக்குங்க லைட்டு?”

கோபால்சாமி அருணகிரியை ஏற இறங்கப் பார்த்தார். ஏமாற்றுக்காரனைப் பார்க்கிற பார்வை அது. அருணகிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்கள யாரு தூக்கச் சொன்னது? அடிபட்டத சார் பாத்தாத்தான் காசு வரும்! என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!” என்று கத்தினான்.

முதலில் சுதாரித்தவள் முத்தம்மாள்.

“அடியாங்க? அப்பளமா நொறுங்கிப் போச்சுங்க சார்! அத்தப் பாத்து நான் அழுத அழுகை இருக்குதே!”

“ஒரு நொடி இருங்க, எங்கெங்க நசுங்கிச்சோ அங்கங்க திரும்ப நசுக்கிடுறேன்” என்று வேடியப்பன் சுத்தியலை ஓங்கினார்.

“அதெல்லாம் எதுக்கு? நாலு பேரு புடிங்க, ஓடையிலயே கொண்டுபோய்ப் போட்டுடலாம்” என்றாள் சுந்தரம்மாள்.

கோபால்சாமி சிரித்துவிட்டார். தொந்தி குலுங்கச் சிரித்தார். பிறகு ஒரு பாய் கேட்டு வாங்கி விரித்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மல்லாந்தபடி ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். வெகுநேரம் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அருணகிரி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முன் அச்சு உடைஞ்சிருக்கு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “பழைய உடைப்பா இருந்தா துருப்பிடிச்சிருக்கும். இது பளபளன்னு இருக்கு. புதுசுதான். வண்டியைத் தாங்குற சேஸும் முறுக்கியிருக்கு. மேலே நீங்க எவ்வளவு தட்டினாலும் அடியில பொய் சொல்ல முடியாதுப்பா.”

வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டு, பயப்படாதே, இதற்குப் பணம் கிடைத்துவிடும் என்றார். அவர் சொன்னபடி பணம் வந்து, பொங்கலுக்கு முன்பே ஜீப்பு மலையேறியது. ஆனால் அருணகிரியின் மனதில் தங்கியது அதுவல்ல. சட்டையை மாட்டிக்கொண்டே சர்வேயர் கேட்ட கடைசிக் கேள்விதான்.

“பள்ளத்திலிருந்து தூக்கின கூலியையும் கம்பெனி தரும். எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

கெட்ட வார்த்தை காதில் விழுந்ததுபோல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கூலியா?” என்றாள் முத்தம்மாள். “வுழுந்ததத் தூக்குறதுக்கா? நாளைக்கி எங்க மாடு வுழுந்தா இவன் வந்து கூலி கேப்பானா? அத்த எழுதாதீங்க சார், அசிங்கம்.”

சற்று முன்பு அவன் கத்தியதை யாருமே வாயில் எடுக்கவில்லை. அருணகிரிக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. குனிந்திருந்த கண்ணில் அவர்களின் கைகள்தான் பட்டன. கயிறு இழுத்து இழுத்துத் தோல் உரிந்து, உள்ளங்கையெல்லாம் மருந்துக்கு மஞ்சள் அப்பியிருந்தது. எல்லார் கையிலும் அதே மஞ்சள்.

“மாமா” என்று வேடியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியை இறுக்கினான்.

“கைய வுடுப்பா, எரியுது” என்றார் வேடியப்பன்.