நாலாய் மடித்த கைக்குட்டை

அந்தக் கொடியில் எப்போதும் இரண்டு ஆண்பிள்ளைக் கைக்குட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். வெள்ளைத் துணி, ஓரத்தில் நீலக்கோடு. பாண்டிச்சேரியில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டுக்கு, ஒரு கையில் பையும் மறு கையில் வாளியுமாக நான் குடிவந்த அன்று முதலில் கண்ணில் பட்டவை அவைதான். பக்கத்து வீட்டுக்காரர் ஓயாமல் சளி பிடிக்கும் மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலையில் உப்பு கேட்கப் போய்ப் பாதி சாத்திய கதவைத் தள்ளிவிட்டேன். அந்த வீட்டு அக்கா ரவிக்கைக்குள் கையை விட்டு, பாடியின் பட்டைக்கு அடியில், தோளுக்கு ஒன்றாக அந்தக் கைக்குட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தாள். பட்டை விலகிய இடத்தில், ஒரு விரலைப் படுக்கவைக்கலாம் போல ஒரு பள்ளம். தோல் கறுத்துத் தடித்து, மாட்டுக் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் மாதிரி இருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். "இன்னாடி அப்படிப் பார்க்கிற? ஆண்டவன் எல்லாருக்கும் மூட்டைய முதுகுல குடுத்தான். எனக்கு மட்டும் முன்னால குடுத்துட்டான்" என்றாள். உப்பையும் கொடுத்தாள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடலூரில் இறால் உரித்திருக்கிறேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டியிருக்கிறேன், பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தின் கண்ணாடிகளைத் துடைத்திருக்கிறேன். எந்த ஊரிலும் கால் தரித்ததில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய ஊரும் உண்டு, ஒரு சண்டையும் இல்லாமல் கிளம்பிய ஊரும் உண்டு. போன ஊருக்கே திரும்பத் திரும்ப வந்தது பாண்டிக்கு மட்டும்தான். அந்த அக்கா அங்கே இருந்தாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. சொந்த அக்கா இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டவள். சோறு இல்லாத நாளில் கதவைத் தட்டிக் கிண்ணத்தை நீட்டியவள்.

கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் மேஜை. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே உடைந்த மூடிகளைப் பொறுக்க வேண்டும். பகல் ஏறியதும் அவள் மெல்ல முன்னால் சாய்ந்து மார்பை மேஜை விளிம்பில் இறக்கி வைப்பாள். கொஞ்ச நேரம் கழுத்துக்கு உயிர் வரும். அதற்குள் சூப்பர்வைசர், "மேஜை மேல சாயாதம்மா" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுப்பான். பெண்களுக்குக் கொடுத்த ஓவர்கோட்டில் அவளுக்குப் பொத்தான் சேரவில்லை. ஆண்களுடையதைக் கொடுத்தார்கள், கை விரலையும் தாண்டித் தொங்கும் அதை மடித்து மடித்துவிட்டுக்கொண்டே வேலை செய்வாள். கோடையில் மார்புக்கு அடியில் வேர்வையில் தோல் வெந்து புண்ணாகிவிடும். மருந்தும் பவுடரும் போட்டுப் பழந்துணி வைத்துக் கட்டிக்கொண்டு வருவாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் ஒருக்களித்து, ஒரு தலையணையை முன்னால் முட்டுக்கொடுத்துத்தான் தூங்குவாள். மழை வந்தால் நாங்கள் எல்லோரும் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவோம். அவள் மட்டும் சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நனைந்தபடி நடந்தே வருவாள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

கேட்டருகே டீ குடிக்கும் பையன்கள், "டேய், லோடு வருது, வழி விடு" என்பார்கள். மற்ற பெண்களாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். அக்கா நிற்பாள். "ஆமாண்டா, லோடுதான். உங்க ஆயாள போய்க் கேளு, இந்த லோடத்தான் குடுத்து உங்கப்பன வளர்த்தா" என்பாள். டீக்கடைக்காரரே சிரித்துவிடுவார். பஸ் கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால் துப்பட்டாவை இரண்டு பக்கமும் இழுத்துப் பின் குத்திக்கொண்டிருப்பாள். புடவைக்கு மேல் துப்பட்டா போட்ட ஒரே பெண் அவள்தான்.

அவள் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். டவுனில், கடற்கரைப் பக்கத்துப் பழைய தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்போம். அந்தச் சொல்தா வீடுகளின் வெள்ளைச் சட்டைகள்தான் அவருக்கு வாடிக்கை. பேச்சே கிடையாது. காய்ந்த கைக்குட்டைகளைக் காலையில் எடுத்துப் போவார். சாயங்காலம் எல்லாச் சட்டையும் முடிந்து, கரி அணைவதற்கு முன், பெட்டியில் மிச்சமிருக்கும் சூட்டில் அவற்றைத் தேய்த்து, நாலாக மடித்துக் கொண்டுவருவார். "சூடா இருக்குது, உடனே வச்சிக்க" என்பார். அவர் தன் மனைவியிடம் சொல்லி நான் கேட்டதெல்லாம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஓர் ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்குப் போனோம். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அம்மனுக்குத் தொட்டில் கட்ட வேண்டும் என்று வந்தாள். கட்டிவிட்டுத் திரும்பும்போது, வடம் நகர்ந்து கூட்டம் நெருக்கியது. அந்த நெரிசலில் எவனுடைய கையோ வந்து அவள் மார்பைப் பிடித்தது. அக்கா அந்தக் கையின் விரலைப் பிடித்து அவன் அலறும்வரை முறுக்கிவிட்டுத்தான் விட்டாள். சுற்றி நின்ற பெண்கள், "அப்படிப் போடு" என்றார்கள். அவளும் சிரித்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "சாமி கும்பிட வந்த எடத்துலயும் இதத் தூக்கிக்கினுதானே வர வேண்டியிருக்குது" என்றாள். கம்பெனியில் ஒரு பெண், பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு ஆபரேஷன் உண்டு, சதையை எடுத்துச் சின்னதாக்குகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். போய்க் கேட்டால்தான் என்ன என்றேன். போனோம்.

கதவுக்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரி என்று போட்டிருந்தது. "நம்ம கம்பெனி பிராஞ்சு போலிருக்குதே" என்றாள் அக்கா. உள்ளே இளவயது டாக்டரம்மா. தோள் பள்ளங்களைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு நாளா இப்படித் தாங்கிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். அதுவரை அக்காவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. ஒரு தாளில் படம் போட்டு, எங்கே வெட்டுவார்கள், எங்கே தைப்பார்கள் என்று காட்டினார். கழுத்துவலி குறையும், புண் வராது என்றார். அப்புறம் குழந்தை உண்டா என்று கேட்டார். இனிமேல்தான் என்றாள் அக்கா.

"அப்படின்னா குழந்தை பிறந்த பிறகு செஞ்சுக்கறது நல்லதும்மா. இப்ப செஞ்சா பால் வரலாம், குறைவா வரலாம், வராமலும் போகலாம். முன்கூட்டிச் சொல்ல முடியாது. வலி தாங்க முடியல, இப்பவே வேணும்னாலும் செய்யலாம். முடிவு உங்களோடது."

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து அக்கா வராந்தாவில் உட்கார்ந்தாள். "வேணாண்டி" என்றாள். "இம்மாம் பெருசு வச்சிக்கினு புள்ளைக்குப் புட்டிப்பால் குடுத்தன்னு வையி, ஊரே சிரிக்கும்." நானும் சிரித்தேன். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "இத்தினி வருஷம் சுமந்துட்டேன். ஒரு நாளாவது இது எதுக்கு இருக்குதோ அதுக்கு ஆகணும்ல?"

சாயங்காலம் மாமாவிடம் சொன்னாள். "வலி உனக்குத்தான். நீ சொல்றதுதான்" என்றார். அவர் நல்ல மனிதர். ஆனாலும், செய்துகொள் என்று ஒருவராவது அவளிடம் சொல்லியிருந்தால் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

நான் ஓசூருக்குப் போனேன். திரும்பி வந்தபோது கொடியில் இரண்டு கைக்குட்டைகள். இன்னொன்று தங்கி, அதுவும் போயிருந்தது. ஒரு மீன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று மங்களூர்ப் பக்கம் போனேன். வந்தபோதும் இரண்டு கைக்குட்டைகள். இப்போது பள்ளம் இன்னும் இறங்கி, கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. மூடிகளைப் பொறுக்கும்போது நழுவவிட்டாள். முதுகு வளைந்து, தரையில் எதையோ தேடுகிறவள் மாதிரி நடந்தாள். "ஆபரேஷன் பண்ணிக்கயேன் அக்கா" என்றால், "இந்த வருஷம் பார்த்துட்டு" என்பாள். அந்த வருஷத்துக்கு அப்புறமும் ஒரு வருஷம் இருந்தது. வராத பிள்ளையின் பாலுக்காக அவள் சுமந்தாள். சொந்தக்காரர்கள் அவள் முகத்துக்கு நேராகவே, "பானை பெருசுதான், உள்ள ஒன்னும் இல்லையே" என்று சொன்னார்கள். அவர்களுக்கும் ஏதோ பதில் சொல்லிச் சிரிக்கவைத்துத்தான் அனுப்பினாள்.

கடைசியாகப் போனபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "கடைய மூடிட்டாங்கடி" என்றாள். மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம்தான். "வா, அந்த பிளாஸ்டிக் டாக்டரப் பார்த்துட்டு வந்துடலாம்."

இந்தத் தடவை வேறு டாக்டர். வயதானவர், பொறுமையானவர். எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், "குழந்தைங்க?" என்றார்.

"இல்லீங்க."

"இனிமேல் பெத்துக்கிற மாதிரி?"

"நின்னு போச்சுங்க."

"அப்ப ஒன்னும் பிரச்சினை இல்லம்மா. தாராளமா செய்யலாம்."

அவர் மனதில் ஒரு கவலை தீர்ந்தது, அதைச் சொன்னார், அவ்வளவுதான். அக்கா தலையாட்டினாள். மாடிப்படி இறங்கி, மருந்து வாங்கும் வரிசையைத் தாண்டி, வாசல் வேப்பமரம்வரை வந்தாள். அங்கே நின்று, "ஒன்னும் பிரச்சினை இல்லயாம்டி" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். அந்த ஒரு தடவை மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கூட இருக்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். நான் இருந்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் அவளை நிற்கவைத்து நீல மையால் மார்பில் கோடு போட்டார்கள். அக்கா குனிந்து பார்த்து, "வீட்டு மனை அளக்கறாங்க பாரு" என்று என்னிடம் சொன்னாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்களை உள்ளே விடாததால் மாமா வாசலில் பிளாஸ்க்கோடு நின்றார். மயக்கம் தெளிந்து, குழாய்களோடு தூக்கி உட்காரவைத்தபோது, அவள் கழுத்து தானாக மேலே எழும்பியது. தண்ணீருக்குள் அமுக்கி வைத்த பந்தை விட்டால் வருமே, அப்படி. "லேசா இருக்குதுடி" என்றாள். "இவ்ளோ லேசாவா நீங்கல்லாம் இருந்தீங்க?"

அப்புறம் ஒரு நல்ல காலம் இருந்தது. கடையில் தைத்தே விற்கும் ரவிக்கையை வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்கினாள். பெண்களுக்கான ஓவர்கோட்டில் பொத்தான் சேர்ந்தது. ஐப்பசி மழையில் ஒரு நாள் நாங்கள் பஸ்ஸுக்கு ஓடும்போது, பின்னால் சளக் சளக்கென்று சத்தம் கேட்டுத் திரும்பினால், அக்கா ஓடி வருகிறாள். வாயைத் திறந்துகொண்டு, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவரும் ஹாரன் அடித்தார்.

எனக்கு மறுபடி கால் அரிக்கத் தொடங்கியது. கிளம்புகிற அன்று, பக்கத்து வீட்டு மருமகள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று கைக்குழந்தையை அக்காவின் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். பசித்த பிள்ளை. முகத்தை அக்காவின் மார்பில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்துத் தேடியது. "இங்க இன்னாடா தேடற ராசா? கடைய மூடி, பாதி சாமானையும் எடுத்துக்கினு போயிட்டாங்கடா" என்றாள். குழாயடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளை விடவில்லை. ரவிக்கை எச்சிலில் நனைந்துபோனது. அது வீறிட்டு அழத் தொடங்கியதும் தாய்க்காரி ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அக்கா கொடியில் கிடந்த கைக்குட்டையை உருவி, நனைந்த இடத்தைத் துடைத்தாள். அதை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள். கை தானாகத் தோளுக்குப் போய், ரவிக்கைக்குள் அதைச் செருகியது.

"அக்கா, அதான் இப்ப வேணாமே" என்றேன்.

"தெரியும்டி." கையை எடுக்காமலே நின்றாள். "பள்ளம் அப்படியேதான் இருக்குது. அது மேல வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

நான் இப்போது வேறு மாநிலத்தில், ஒரு தோட்டத்தில் வேலையாக இருக்கிறேன். போன மாதம் ஃபோனில், கைக்குட்டை இன்னும் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். மாமாவிடம் இனி வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலையில் கொடியிலிருந்து இரண்டையும் எடுத்துப் போகிறார். கரி அணைவதற்கு முன் மிச்சமிருக்கும் சூட்டில் தேய்த்து, நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். அவள் வாங்கி, சூடு ஆறும்வரை தோளில் வைத்துக்கொள்கிறாள்.