மண்ணுக்குள் இருந்தவரோடு பேசிய பகல்

போன பெருமழையின்போது நடந்தது இது. இடம், லுணுகலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். மண்ணுக்குள் இருந்தவரின் குடும்பம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நான் எல்லவில் ஒரு தங்குமிடத்தின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். மழை விடாமல் பிடித்துக்கொண்டதும் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் கொழும்புக்குக் கிளம்பிவிட்டார்கள். முதலாளி என்னையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். பசறை வழியாக நான் ஊர் வந்து சேர்ந்த மறுநாளே பாதை உடைந்துவிட்டது. மின்சாரம் போனது, போன் போனது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயமே, ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை முழுவதும், மண்ணோடு போய்விட்டது என்று செய்தி வந்தபோது, எங்கள் லயத்து ஆட்களையும் கிளப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள்.

மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் எங்கள் விளையாட்டு மைதானத்தில் ஹெலிகொப்டர் இறங்கியது. எங்கேயோ தூரத்துக் குளிர் நாட்டிலிருந்து வந்த மீட்புக் குழு அது. இன்னொரு நாட்டுக் குழு மோப்ப நாய்களோடு பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. கிராம சேவகர் என்னைத் தேடி வந்து, இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஆள் நீதான், இவர்களோடு இருந்து உதவி செய் என்றார். என் இங்கிலீஷ், சுடுதண்ணீர் வருகிறதா, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, கண்டிக்கு ரயில் எப்போது என்ற அளவுக்குத்தான் போகும். நல்ல காலமாக அவர்களுக்கும் இங்கிலீஷ் சொந்த மொழி இல்லை. இரண்டு பக்கமும் தடுமாறித் தடுமாறி எப்படியோ புரிய வைத்துக்கொண்டோம்.

வந்த அன்றே அவர்களுடைய தலைவர், நரைத்த தாடிக்காரர், எல்லோரையும் கூப்பிட்டு விசில் பாடம் ஒன்று நடத்தினார். நீளமாக ஒரு விசில் அடித்தால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சின்னதாக மூன்று அடித்தால் அந்த இடத்தை விட்டு உடனே வெளியேற வேண்டும். நீளமாக ஒன்றும் சின்னதாக ஒன்றும் அடித்தால் திரும்ப வந்து வேலையைத் தொடங்கலாம். நான் தமிழில் சொன்னேன். ஆட்கள் சிரித்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்பது மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அதைத் தலைவருக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சல்காரர்களுக்கும் காலில் காயம்பட்டவர்களுக்கும் மருந்து கொடுக்கிற வேலைதான். மூன்றாம் நாள் வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. அந்தத் தைரியத்தில் சிலர் லயத்துக்குப் போய், மாடு கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வர ஆரம்பித்தார்கள். போகக் கூடாது என்று சொல்லித்தான் இருந்தது. ஆனால் மாடு கத்துகிற சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்கும்போது யாரால் சும்மா இருக்க முடியும்?

அப்படிப் போன ஓர் அக்கா, குசினியில் அடுப்போரம் இருந்த புண்ணாக்கை எடுக்க வீட்டுக்குள் நுழைந்த நேரத்தில் பின்பக்கத்து மண்மேடு சரிந்தது. லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நானும் மீட்புக் குழுவும் ஓடிப்போய்ப் பார்த்தபோது லயத்தின் கடைசி இரண்டு வீடுகள் இருந்த இடத்தில் தகரமும் உத்தரக் கட்டையும் சேறும்தான் கிடந்தன.

எங்களுக்கு முன்பே ஆட்கள் அந்தக் குவியல் மேல் ஏறிவிட்டார்கள். மம்பட்டி வைத்திருந்தவர்கள் மம்பட்டியால் வெட்டினார்கள். அந்த அக்காவின் கணவர் வெறும் கையால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். தலைவர் நீளமாக விசிலடித்தார். ஒருவரும் நிற்கவில்லை. எல்லோரையும் கீழே இறங்கச் சொல் என்று என்னிடம் சொன்னார்.

நான் சொன்னேன். என்னை அடிக்க வருகிற மாதிரிதான் பார்த்தார்கள். சொந்த ஆள் உள்ளே கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறாயா, இவர்களுக்கு எங்கள் லயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சத்தம் போட்டார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. தலைவரிடம் ஏன் என்று கேட்டேன். அவர் உள்ளங்கைகளைக் குழிவாகக் கவிழ்த்துக் காட்டி, கீழே இந்த மாதிரி ஒரு பொந்து இருக்கலாம், மேலே ஆள் ஏற ஏற அது அமுங்கிவிடும் என்றார்.

நான் அக்காவின் கணவரிடம் போனேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. அவர் காலைப் பார்த்துத்தான் பேசினேன்.

"அண்ணே, அக்கா நீங்க நிக்கிற எடத்துக்கு நேர் கீழ இருக்கலாம். நம்ம பாரம் அவங்க மேலதான் எறங்குது."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். முட்டை மேல் நடப்பவர் மாதிரி மெதுவாக இறங்கி வந்தார். அவர் இறங்கியதும் மற்றவர்களும் இறங்கினார்கள்.

மறுபடி நீளமாக ஒரு விசில். இந்த முறை ஒருவரும் இருமக்கூட இல்லை. குழுவில் குள்ளமாக ஒரு பெண் இருந்தார். அவர் ஏதோ கருவியை மண்ணில் ஊன்றி, காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு கையை உயர்த்தினார். உள்ளே யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள்.

சரிந்த சுவருக்கும் உத்தரத்துக்கும் நடுவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. அதன் பக்கத்தில் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார் அந்தப் பெண். அவரும் பக்கத்திலேயே படுத்தார். என் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, சின்னச் சின்ன வார்த்தைகளில் சொல்லிக் கொடுத்தார். பொய் சொல்லாதே. இதோ ஆகிவிட்டது என்று சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். எந்தச் சத்தம் வருவதாக இருந்தாலும் வருவதற்கு முன்னாலேயே உள்ளே இருப்பவரிடம் சொல்லிவிடு.

நான் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "யாரு?" என்று கேட்டது. யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னேன். கால் மேல் ஏதோ விழுந்து கிடக்கிறது, மூச்சு விட முடிகிறது, ஒரே இருட்டு என்றார். அடுத்ததாக அவர் கேட்டது மாட்டைப் பற்றி. நான் பார்க்கவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். விசாரித்ததில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு கீழே தேயிலைக்குள் நிற்பதாகத் தெரிந்தது. அதைச் சொன்னதும் உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது.

பிறகு கேட்டார், எவ்வளவு நேரம் ஆகும் என்று. இதோ இப்போது எடுத்துவிடுவோம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்தவருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே தலையை ஆட்டினார்.

"தெரியலக்கா. இவங்களுக்கும் தெரியல. நேரமாகும்" என்றேன்.

தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்தேன். அப்புறம் அக்கா "சரி" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துக் குழுவும் அதற்குள் இரும்பு வெட்டுகிற மெஷினோடு நடந்தே வந்துவிட்டது. இரண்டு குழுவுக்கும் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆனால் விசிலும் கை ஜாடையும் இரண்டு பேருக்கும் ஒன்று. சுவரில் சிவப்பு பெயின்டால் ஒருவர் போட்ட குறியைப் பார்த்து மற்றவர் வேலையைத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் சவுக்கு மரத்தை அளவாக வெட்டிக் கொடுக்க, அவர்கள் அதை வைத்து முட்டுக் கொடுத்தார்கள். அவர்களோடு வந்த ஆமிக்காரர்கள் வரிசையாக நின்று மண்ணை வாளி வாளியாகக் கடத்தினார்கள். என் வேலை, நடப்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பது. "இப்ப தகரத்த வெட்டுவாங்க, பயங்கரமா சத்தம் கேக்கும்." சத்தம் கேட்கும். "இப்ப உங்க தலைப்பக்கம் கொஞ்சம் மண்ணு கொட்டும், கண்ண மூடிக்கங்க." மண் கொட்டும்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி தூறல் போட்டது. மேட்டைக் கவனிக்க ஒருவரை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து சின்னதாக மூன்று விசில் வந்தது.

எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அந்தப் பெண் என் தோளைத் தொட்டு, போக வேண்டும், ஆனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார். நான் எழுந்து ஓடியிருக்கலாம். இல்லையென்றால், இங்கேதான் இருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதைச் சொல்வதுதான் அப்போது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, மேல மண்ணு நகருற மாதிரி இருக்காம். எங்க எல்லாத்தையும் எறங்கச் சொல்றாங்க. யாரும் பக்கத்துல இருக்க மாட்டோம். மண்ணு நின்னதும் வருவோம். எப்பன்னு தெரியாது."

மண்ணுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"சரி புள்ள. போயிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி, அவ்வளவு நிதானமாகச் சொன்னார்.

நாங்கள் கீழே ரோட்டில் போய் நின்றோம். அக்காவின் கணவர் தரையில் உட்கார்ந்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது ஏன் ஒருவரும் ஏறவில்லை என்று அவர் கேட்கவில்லை. அந்த நரைத் தாடித் தலைவர் அவர் பக்கத்தில் வந்து சேற்றிலேயே உட்கார்ந்தார். கொஞ்சம் மண் சரிந்தது, லயத்துக்கு அந்தப் பக்கமாக. பிறகு மேடு அசையவில்லை. நீளமாக ஒன்று, சின்னதாக ஒன்று விசில் வந்தபோது முதலில் எழுந்து ஓடியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது ஞாபகமில்லை.

சந்தின் பக்கத்தில் படுத்து, "வந்துட்டோம்கா" என்றேன். "ம்" என்று பதில் வந்தது. அந்த ஓர் எழுத்தைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது.

பொழுது சாய்வதற்குள் அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். கால் முறிந்திருந்தது. முகம் முழுக்கச் சேறு. வெளிச்சத்தில் கண் கூச, அவருடைய கணவர் தன் சட்டையைக் கழற்றி நிழல் பிடித்தார். மைதானத்திலிருந்து ஹெலிகொப்டரில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாசற்படியில் அந்தக் குள்ளப் பெண்ணோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெண்கள் கொடுத்த ரொட்டியும் சம்பலும் அவர் மடியில் இருந்தன. உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இன்னொரு நாட்டுக்காரர்களை முன்பே தெரியுமா என்று கேட்டேன். காலையில்தான் முதல் தடவை பார்த்தேன் என்றார். எப்படி இவ்வளவு ஒத்துப்போனது என்று கேட்டதற்கு, எங்கே எந்த நாட்டில் வீடு விழுந்தாலும் எல்லோருக்கும் விசில் ஒன்றுதான், பல வருடங்களுக்கு முன்பே எல்லா நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவைத்தது என்றார். நாங்கள் பிறந்ததே தெரியாத ஊர்க்காரர்கள், எங்களுக்காகவும் சேர்த்து என்றோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

பாதை திறந்ததும் அந்த அக்காவைப் பார்க்கப் பதுளைக்குப் போனேன். கட்டுப் போட்ட காலோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் விட்டுவிட்டுப் போகிறோம் என்று சொன்னபோது பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்திச்சு. ஆனா சத்தம் கேக்கும்னு சொன்ன, கேட்டிச்சு. மண்ணு கொட்டும்னு சொன்ன, கொட்டிச்சு. அதே வாயிதானே வருவோம்னும் சொல்லிச்சு."

இப்போது மாவட்டத்தில் மண்சரிவு ஒத்திகை நடக்கும்போதெல்லாம் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள். லயத்துப் பெண்களுக்கு மூன்று வகை விசிலையும் நானே அடித்துக் காட்டுகிறேன். மற்ற நாட்களில் என் வேலை பழையபடி வரவேற்பு மேசைதான். ஆனால் என் எதிரில் ஒருவர் பயந்துபோய் நிற்கும்போது, எதையாவது சொல்லித் தேற்றி அனுப்பிவிடலாம் என்று இப்போதெல்லாம் எனக்கு மனசு வருவதில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடியும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு, திரும்பி வருவேன் என்று சொன்னால் திரும்பிப் போகிறேன்.